ஒரு நாள் தண்ணி

சரியாகப் பதினொன்று பத்துக்குப் பல் டாக்டர் ரெஹானா, பல்லை வரிசைப்படுத்துகிற அந்த ஊதா நிறப் பிளேட்டைக் குழந்தையின் மேலண்ணத்தில் பொருத்தி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, "பன்னெண்டு பத்து வரைக்கும் வெளிய உக்காந்திரு கண்ணு, லேசா எரிஞ்சாலும் ஓடி வந்து சொல்லிரு" என்று அனுப்பிவைத்தார். அந்த நிமிஷத்திலிருந்து வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்த நாகமணிக்குச் சுவர்க்கடிகாரத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. இல்லை, அது பொய். இன்னொன்றும் இருந்தது. அவள் வாய்க்குள்ளேயே, அவள் அண்ணத்திலேயே, அதே பவுடரில், அதே லிக்விடில், அதே நாளில் அவள் கையாலேயே செய்த இன்னொரு பிளேட் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு நாளாக இருக்கிறது. சோறு தின்னக் கழற்றுவது, கழுவுவது, திரும்ப மாட்டுவது. நாற்பத்தாறு வயதில், வரிசை பிசகாத பல்லை வைத்துக்கொண்டு எவளாவது பிளேட் மாட்டுவாளா? மாட்டினாள். செய்தவள் அவள்தானே, முதலில் அவள் வாய் அனுபவிக்கட்டும். எரிகிறதா? நாக்கால் ஒரு தடவு தடவிப் பார்த்தாள். வழவழ. ருசி? ஒன்றுமே இல்லை, வெறும் எச்சில். ஆனால் அவள் வாய் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு கம்மங்கூழ் குடிக்கிற வாய். பதினொரு வயசுப் பிள்ளையின் வாய் அப்படியா, காரச் சட்னிக்கே கண்ணில் தண்ணீர் விடுகிற வாயாக இருக்கும். பதினொன்று பன்னிரண்டு. இரண்டே நிமிஷம்தான் ஆகியிருந்தது.

அந்தப் பிள்ளையின் முகத்தை நாகமணி இன்றைக்குத்தான் பார்க்கிறாள். முகத்தைத்தான் இன்றைக்கு, வாய் அவளுக்கு இரண்டு மாதமாக மனப்பாடம். பல் லேப் வைத்திருக்கிறவர்கள் பிழைப்பு அப்படி. டாக்டர் அளவெடுத்து பிளாஸ்டரில் வார்த்த பல் அச்சை டப்பாவில் போட்டு அனுப்புவார், டப்பா மேல் ஒரு நம்பர் இருக்கும், பேர் இருக்காது, கண் மூக்கு ஒன்றும் இருக்காது. ஈரோட்டில் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட அறையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, கம்பியை வளைத்து, பவுடரைத் தூவி லிக்விடைச் சொட்டவிட்டு, இரண்டும் சேர்ந்து பிளாஸ்டிக்காக இறுகுகிற வரை காத்திருந்து, எத்தனை நூறு வாய்களுக்கு பிளேட் செய்திருப்பாள், அதில் ஒரு முகமாவது தெரியுமா? பஸ்ஸில் யாராவது கொட்டாவி விட்டால் அவள் அந்தப் பல்லைத்தான் பார்ப்பாள், அட இது நம்ம முன்னூத்திப் பன்னெண்டாச்சே என்று மனசுக்குள் ஒரு குதி குதிக்கும். இன்றைக்குக் காலையிலும் அதேதான் நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரு சடை போட்ட பிள்ளை பெரிதாகக் கொட்டாவி விட்டது. இடது கோரைப்பல் மேலே ஏறி நிற்கிறது, முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கிறது. நானூற்றிப் பதினேழு! அந்தப் பல்லுக்கு மேலே இரண்டு கண் இருந்தது, சின்னதாக ஒரு மூக்கு, மூக்கில் சளி, சிவப்பு ரிப்பன், எல்லாம் இருந்தது. பிளாஸ்டர் அச்சு அழாது. இது அழும், அழுதிருக்கிறது. பேர் தன்சிகாவாம், நர்ஸ் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

இப்போது தன்சிகா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், இன்னொரு கையால் வாயை மூடியிருந்தாள், எந்த நிமிஷம் எரியுமோ என்று காத்திருக்கிறவள் மாதிரி தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தது. அப்பா மோகனசுந்தரம், பவானியில் சாயப்பட்டறை. அவர் விரல் நகத்தடியில் நீலம் போகாமல் கிடந்தது. அவர் நாகமணியின் வாயில் கம்பி தெரிவதைப் பார்த்துவிட்டார். "ஏனுங்கக்கா, உங்களுக்கும் பல்லுங்களா?" என்றார். நாகமணி தலையாட்டினாள். "எத்தன நாளாச்சுங்க?" நாலு விரலைக் காட்டினாள். "எரியலீங்களா?" இல்லை என்று தலையசைத்தாள். அவ்வளவுதான், ஆள் பிடித்துக்கொண்டார். "எங்க அம்மிணிக்கு மொதத் தடவ போட்டு அரை மணி நேரங்கூட இல்லீங்க, வாய் வெந்துபோச்சு. மூணு நாளு மோருதானுங்க. இனி எந்த பிளேட்டையும் போடமாட்டேன்னு ஒரே அழுவாச்சி, இன்னைக்குக் கூட்டியாறதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போயிருச்சு. இப்ப விட்டா எலும்பு முத்திப்போயிரும், அப்புறம் ஆப்பரேசன்தாங்கறாங்க டாக்டரம்மா. அந்த லேப்காரன் மட்டும் எங்கையில கெடைச்சான்னு வைங்க, அதே பிளேட்ட அவன் வாயில மாட்டி உட்டுருவனுங்க!" மாட்டியாச்சுங்க, நீங்க சொல்றதுக்கு முன்னாலயே மாட்டியாச்சு என்று நாகமணி நினைத்துக்கொண்டாள், சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. லேப்காரனாம்! லேப் என்றால் மீசை வைத்த ஒருத்தன் என்றே எல்லோருக்கும் நினைப்பு. பதினொன்று இருபத்தொன்று.

வெந்துபோச்சு. அந்தப் போட்டோவை டாக்டர் அனுப்பியபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், ஈரக்கையோடு போனை எடுத்துப் பார்த்தால் ஒரு குழந்தையின் அண்ணம், அதில் சிவப்பாக ஒரு அச்சு, விளிம்பு விளிம்பாக, அவள் செய்த பிளேட் எங்கே முடிகிறதோ அங்கேயே அந்தச் சிவப்பும் முடிகிறது. அவள் கை வரைந்த கோடு அது. ஐயோ சாமி. உடனே மனசு என்ன செய்தது தெரியுமா, அலர்ஜியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது! குழந்தைக்கு நோய் இருக்கட்டும், என் கையில் குறை இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள், இதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டாள். தோல் டாக்டர் முதுகில் மருந்துப் பட்டி ஒட்டி மூன்று நாள் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு அலர்ஜி ஏதும் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சாமானில் தப்பில்லை, பிள்ளை உடம்பிலும் தப்பில்லை, அப்புறம் மிச்சம் யார்? பிளேட் டப்பாவில் திரும்பி வந்தது. டாக்டர் போனில் சொன்னார், "அவங்கப்பா சாயப்பட்டறை வச்சிருக்கார், மோந்து பாத்துட்டு, கெமிக்கல் வாசம் அடிக்குது, அலசாத துணியாட்டம் இருக்குதுங்கறார்." நாகமணிக்குச் சுர்ரென்று ஏறியது. சாயம் காய்ச்சுகிறவனுக்கு என் வேலையைப் பற்றி என்ன தெரியும்? எடுத்து மோந்து பார்த்தாள். ஒரு வாசமும் இல்லை. திரும்ப மோந்தாள். இல்லவே இல்லை. ஜம்பமாகப் பக்கத்து வீட்டு வசந்தாவிடம் டப்பாவைத் திறந்து நீட்டினாள், வசந்தா ஒரு அடி பின்னால் போய், "என்னக்கா இது, நகப்பாலீஷ் கடையாட்டம் கப்புனு அடிக்குது" என்றாள். வாசம் இருக்கிறது, மூக்குத்தான் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த லிக்விடின் நெடியிலேயே மூச்சுவிட்டு, மூக்குக்குப் பழகிவிட்டது.

பழகிடும்! அந்தச் சொல்தான் எத்தனை வாயை அடைத்திருக்கிறது. பிளேட் ஒரு மாதிரி கசக்குதுங்க என்று பிள்ளைகள் சொன்னால் அம்மாமார் சொல்வார்கள், பழகிடும். நாக்கு விறுவிறுங்குது என்றால் நாகமணியே போனில் சொல்லியிருக்கிறாள், ரெண்டு நாள்ல பழகிடும்னு சொல்லுங்க டாக்டர். யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் நல்லவர்களாக இருந்துகொண்டே சொன்னார்கள். முன்னெல்லாம் அந்தச் சொல் ஓரளவு மெய்யாகவும் இருந்தது, ஏனென்றால் செய்து முடித்த பிளேட் பார்சல் பஸ் வரும் வரை டப்பாத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஒரு பகல் கிடக்கும், உள்ளே பவுடரோடு சேராமல் தங்கிப்போன லிக்விட் தண்ணீரிலேயே கசிந்து போய்விடும். தண்ணீரில் போடுவது பிளேட் வளையாமல் இருப்பதற்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தண்ணீர் வேறொரு பெரிய வேலையைப் பேசாமல் செய்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. இப்போது டாக்டர்களின் ஆட்கள் பைக்கில் வந்து நிற்கிறார்கள், காலையில் அச்சு, சாயங்காலம் பிளேட். நானூற்றிப் பதினேழும் அப்படித்தான் போனது. பவானியிலிருந்து வருகிறவர்கள், இரண்டு தடவை அலைய முடியாது, இன்றைக்கே வேண்டும் என்றார்கள், குக்கர் மாதிரி மூடி இறுக்கி வெந்நீர் அழுத்தத்தில் இருபது நிமிஷம் வைக்கவேண்டியதை எட்டே நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தாள். அதோடு விட்டாளா? விரல். ஐயோ அந்த விரல்!

வலது ஆள்காட்டி விரல். ஊரில் எந்த லேபிலும் இல்லாத மினுமினுப்பு நாகமணி பிளேட்டில் உண்டு என்று டாக்டர்மார் சொல்வார்கள், அந்தச் சூட்சுமம் இந்த விரல்தான். பிளேட் இறுகுவதற்குக் கொஞ்சம் முன்னால் விரலை லிக்விடில் முக்கி மேலே ஒரு இழு இழுத்தால் போதும், சொரசொரப்பெல்லாம் கரைந்து கண்ணாடியாகிவிடும், பியூமிஸ் பொடி போட்டு அரைமணி நேரம் தேய்க்கிற வேலை மிச்சம். மற்றவர்களும் செய்வார்கள், இவள் அளவுக்கு நளினமாக யாருக்கும் வராது. அந்த மினுமினுப்பு அத்தனையும் பவுடரோடு சேராத பச்சை லிக்விட். நாக்கு படுகிற பக்கம் பார்த்து, தேடித் தேடி, ஆசையாக அவளே தடவிவிட்டிருக்கிறாள். எதை நினைத்துக் கர்வப்பட்டாளோ அதுதான் பிள்ளையைச் சுட்டது. நம்பாமல் தன் வாய்க்கே அளவெடுத்து இரண்டு பிளேட் செய்தாள். ஒன்று பழைய மாதிரி, எட்டு நிமிஷம், விரல் மினுக்கு, தண்ணீர் கிடையாது. மாட்டிக்கொண்டு துணி மடிக்க உட்கார்ந்தாள், நாலாவது சேலை மடிப்பதற்குள் அண்ணத்தில் ஊசி குத்த ஆரம்பித்தது. உடனே கழற்றவில்லை, அந்தப் பிள்ளை அரை மணி தாங்கியதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணில் தாரை தாரையாக ஊற்றியது. புண் ஆற ஒரு வாரம் ஆனது. அப்புறம் இரண்டாவது. பவுடர் இவ்வளவு, லிக்விட் இவ்வளவு என்று அளந்து போட்டு, முழுசாக இருபது நிமிஷம் அழுத்தத்தில் வைத்து, விரலே படாமல், பியூமிஸ் போட்டுத் தோள் கழன்று விழுகிற வரை தேய்த்து, அப்புறம் ஒரு நாள் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில், மூன்று தடவை தண்ணீர் மாற்றி. எடுத்து வசந்தாவிடம் நீட்டினால் வசந்தா மோந்து பார்த்து, "இதுல என்னக்கா இருக்குது, ஒண்ணுமில்லையே" என்றாள். ஒண்ணுமில்லை! அந்த ஒண்ணுமில்லையைக் கேட்க நாகமணிக்குக் கிறுக்குப் பிடித்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கே எல்லா டாக்டருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள், இனிமேல் ஒரு நாள் தண்ணி உண்டு, அவசரம்னா வேற லேபுக்குக் குடுத்துக்குங்க. இரண்டு பேர் போயே போய்விட்டார்கள். போகட்டும். டாக்டர் ரெஹானா மட்டும், "இதுவும் எரிஞ்சுதுன்னா நானும் கோயமுத்தூர் லேபுக்குத்தான் அனுப்பணும் நாகமணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களே வந்து கண்ணால பாருங்க" என்றார். பாதிக்கு மேல் வேலை அவரிடமிருந்துதான் வருகிறது. அதனால்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பதினொன்று முப்பத்தெட்டு. தன்சிகாவின் முகம் சுருங்கியது. பிள்ளை வாய்க்குள் விரலை விட்டாள். கண்ணை இறுக்கி மூடினாள். போச்சு. எல்லாம் போச்சு. மூன்று தண்ணீர் பத்தவில்லையா, நாலாக மாற்றியிருக்க வேண்டுமோ, ஊதாக் கலரில் போட்ட ஜிகினாவில் ஏதாவது இருந்திருக்குமோ, இல்லை சாமான் மேலே தப்பே இல்லை, என் கைதான் விஷம், இந்தக் கையே விஷம், இதோ வலது விரலில் நாலு வருஷமாக வெடிப்பு வெடிப்பாக, எண்ணெய் தடவினால் அடங்கும் திரும்ப வெடிக்கும், உழைக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று தானே சொல்லிக்கொண்டாள், ரேஷன் கடையில் விரலை வைத்தால் மிஷின் ரேகையே இல்லை என்று சொல்லும், வேற விரல் வைங்க, அந்தக் கை வைங்க என்று பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். லிக்விட் தன்னையும் தின்றுகொண்டிருந்ததை அந்த மிஷின் நாலு வருஷமாகச் சொல்லியும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை விரலை இன்னும் உள்ளே விடுகிறாள். மோகனசுந்தரம் பதறிப்போய்க் குனிந்தார். "என்ன சாமி, எரியுதா? எரியுதா சொல்லு, கழட்டீரலாம்." நாகமணி பாதி எழுந்துவிட்டாள். தன்சிகா விரலை வெளியே எடுத்து, "இல்லப்பா, கடவாய்ப் பல்லு ஆடுது. நாளைக்கே விழுந்துரும் போல" என்றாள், ஏதோ பரிசு வாங்கின மாதிரி. நாகமணி தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆடட்டும் தாயே! நல்லா ஆடட்டும்! எத்தனை பல் வேண்டுமானாலும் விழட்டும்! அப்போதுதான் கவனித்தாள், பிள்ளையின் தோள் இறங்கியிருந்தது, வாயை மூடியிருந்த கை எப்போதோ மடிக்கு வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து மூலையில் இருந்த மீன் தொட்டிக்குப் போய்விட்டாள். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மீனோடு ஏதோ ரகசியம் பேச ஆரம்பித்தாள்.

மீனைப் போலவே நாகமணியின் மனசும் சுற்றிச் சுற்றி வந்தது, ஆனால் இப்போது லேசாக இருந்தது. ஜெயிச்சுட்டேனா? இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கிறது, அவசரப்படாதே. போன வாரம் ரேஷன் கடையில் பழக்கதோஷத்தில் வலது விரலை வைத்துவிட்டாள், மிஷின் டக்கென்று பச்சை விளக்கைப் போட்டது, கடைக்காரரே ஆச்சரியப்பட்டு, "என்னங்கக்கா, புது விரலா?" என்றார். மூன்று வாரம் விரலை லிக்விடில் முக்காமல் இருந்ததற்கு ரேகை திரும்ப வந்துவிட்டது! அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடலாம் போல இருந்தது அன்றைக்கு. அவள் விரல் தேறின மாதிரிதான் இந்தப் பிள்ளையும் தேறும், தேறிக்கொண்டிருக்கிறது. எதிரே மோகனசுந்தரம் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார், பாரம் இறங்கின மனுஷன் மாதிரி. "பரவால்லீங்க. இந்தத் தடவ லேப மாத்திட்டாங்களாட்ட இருக்குது. இவன் நல்ல கைக்காரனுங்க. அந்த மொத ஆளு இருக்கறானே, அவனெல்லாம் தொழில் பண்ணவே கூடாதுங்க" என்றார். பதினொன்று ஐம்பத்தாறு.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பாராட்டும் அவளுக்குத்தான் வந்திருக்கிறது, வேறு யாருக்கோ வந்த மாதிரி சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், திட்டு வாங்கின ஆள் ஊரில் எங்கோ இருக்கிறான், மீசையோடு. நாக்கு பிளேட்டைத் தடவியது. பழகிடும். இதுவும் பழகிடும், நல்ல பேர் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறதும் ஒரு நாளில் பழகிடும், அப்புறம் அதன் வாசமும் மூக்குக்குத் தெரியாது. அடச்சீ என்று இருந்தது. நாகமணி எழுந்து கை கழுவுகிற குழாய்க்குப் போனாள், வாயிலிருந்து பிளேட்டைக் கழற்றினாள், நன்றாகக் கழுவி, கைக்குட்டையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். "ஏனுங்க, அந்த லேப்காரன் நான்தானுங்க. மொதல்ல எரிஞ்சதும் நான் செஞ்சதுதான், இப்ப எரியாம இருக்கறதும் நான் செஞ்சதுதான். அவசரத்துல வெந்து முடியறதுக்குள்ள எடுத்துக் குடுத்தேன், மினுக்கறதுக்குன்னு பச்சை லிக்விடத் தடவுனேன், தண்ணியில போடல. உங்க பிள்ள மூணு நாளு மோரு குடிச்சதுக்கு நான்தான் காரணம். நீங்க சொன்ன அலசாத துணிதானுங்க அது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னவெல்லாமோ சொல்ல வாயெடுத்தார், முகம் சிவந்தது, மீன் தொட்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், திரும்ப அவள் கையைப் பார்த்தார். சொன்னபடி மாட்டி உட்டுருவேன் என்பதற்கும் வழியில்லை, அந்த வாய் நாலு நாளாக மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கடைசியில் கையை நீட்டினார். நாகமணி பிளேட்டைக் கொடுத்தாள். அதை மூக்குக்கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, பட்டறையில் துணியை மோந்து பார்க்கிறவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார். டாக்டர் பார்வைக்குக்கூட அவள் இத்தனை பயந்ததில்லை. "எத்தன தண்ணிங்க?" என்றார். "மூணுங்க. ஒரு நாள் பூரா." "பச்சத் தண்ணியா?" "இல்லீங்க, வெதுவெதுன்னு." அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "நாங்க நாலு தண்ணி உடுவமுங்க" என்றார். பிளேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார். "நல்லா அலசியிருக்கறீங்கக்கா." நாகமணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், சிரித்துக்கொண்டேதான் துடைத்துக்கொண்டாள். இனி நாலு தண்ணீர், நாளையிலிருந்தே நாலு.

பன்னிரண்டு பத்து. உள்கதவு திறந்தது. டாக்டர் ரெஹானா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே நாகமணியை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் மீன் தொட்டிப் பக்கம் திரும்பி, "தன்சிகா, ஒரு மணி நேரம் ஆச்சு. வா கண்ணு, அதைக் கழட்டு பாக்கலாம்" என்றார். தன்சிகா கண்ணாடியிலிருந்து மூக்கை எடுத்தாள். அப்பாவைப் பார்த்தாள், பக்கத்தில் முகம் நனைந்து உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அத்தையைப் பார்த்தாள், கழற்றச் சொல்கிற மாதிரி எதுவும் தன்மேல் இருப்பதாகத் தெரியாமல், காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு டாக்டரிடமே கேட்டாள்.

"எதைங்க டாக்டர்?"